பசுமைக்குடிலில் இலை கழிப்பு: தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குடில் அமைக்க என்ன செலவாகும், எந்த ரகம் போடலாம், மானியம் எவ்வளவு என்பதற்கெல்லாம் ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறார்கள். செடி இடுப்புயரம் தாண்டியதும் வாரம் தவறாமல் வந்து நிற்கும் வேலை ஒன்று இருக்கிறது: இலை எடுப்பது. அதைப் பற்றி விரிவாகச் சொல்வார் குறைவு. ஒருவர் மொட்டையடிக்கிறார், பக்கத்துக் குடிலில் இன்னொருவர் ஓர் இலையைக்கூடத் தொடவிட மாட்டேன் என்கிறார். இரண்டு குடிலிலும் காய் குறைகிறது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் பாலிஹவுஸ் வைத்திருப்பவர்களையும் வீட்டுக்குள் எல்இடி விளக்கில் செடி வளர்ப்பவர்களையும் மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

இலையைக் கழித்தால் விளைச்சல் கூடுமா?

கழிப்பதனால் மட்டும் கூடாது. காய்க்குள் போகும் சர்க்கரை முழுவதும் ஏறக்குறைய இலையில்தான் உருவாகிறது. வெளிச்சம் படும் ஆரோக்கியமான இலையை எடுத்தால் அந்த அளவுக்கு விளைச்சல் குறையத்தான் செய்யும். ஆனால் நெருக்கமாக நட்ட, மேலே மேலே ஏறிக்கொண்டே போகும் செடியில் அடியிலைகள் ஒரு கட்டத்துக்குப் பிறகு சம்பாதிப்பதை நிறுத்திவிடுகின்றன. அவற்றை உரிய நேரத்தில் எடுத்தால் காற்றோட்டம் கூடும், நோய் குறையும், காய் பறிப்பது எளிதாகும், கொத்து சீராகப் பழுக்கும். விளைச்சல் கூடுவதாக நாம் காண்பது பெரும்பாலும் அழுகாமல் காப்பாற்றிய காயின் எடை.

நிழலில் கிடக்கும் அடியிலை செடியின் சத்தை உறிஞ்சித் தின்கிறது, அதை எடுத்தால் அந்தச் சத்து காய்க்குப் போகும் என்கிறார்களே?

நான் அதிகம் கேட்கும் விளக்கம் இதுதான். இதில்தான் பலர் தடம் மாறுகிறார்கள். கொழுந்து இலை முதலில் மற்ற இலைகளிடமிருந்து சர்க்கரை வாங்கித்தான் வளர்கிறது. விரிய விரியத் தானே தயாரித்து வெளியே அனுப்பத் தொடங்குகிறது. ஒருமுறை அனுப்பத் தொடங்கிய முற்றிய இலை மறுபடி வாங்கும் நிலைக்குத் திரும்புவதில்லை. இருட்டில் மாட்டிக்கொண்டால் தன் இருப்பைக் கரைத்து, மஞ்சளாகி, உதிரும். காயின் பங்கை அது பிடுங்குவதில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 'இலை ஒட்டுண்ணி' என்று நம்பத் தொடங்கிவிட்டால் கை நிற்காது. இன்னும் ஓர் இலை, இன்னும் ஓர் இலை என்று மேலே போய்விடும். ஓசூர் ரோஜாக் குடில்களைப் போய்ப் பாருங்கள். பூக்காத, மெலிந்த தண்டுகளை அங்கே வெட்டி எறிவதில்லை. பாதை ஓரமாக வளைத்து மடக்கிவிடுகிறார்கள். மடங்கிய தண்டின் இலைகள் வெயிலை வாங்கிச் சர்க்கரை தயாரித்து, அடியிலிருந்து நிமிர்ந்து வரும் பூந்தண்டைத் தடிமனாக்குகின்றன. இலையின் மதிப்பு தெரிந்தவர்களின் வேலை அது.

அப்படியானால் தக்காளியில் எத்தனை இலை விட வேண்டும்?

எடுத்த இலையை எண்ணுவதை விட்டுவிட்டு, செடியில் நிற்கும் இலையை எண்ணப் பழகுங்கள். கொடித் தக்காளியில் நன்கு விரிந்த இலைகள் 14 முதல் 18 வரை நிற்பது பொதுவான அளவு. சமவெளியில் மார்ச் முதல் ஜூன் வரையிலான வெயிலில் நான் அதன் மேல்விளிம்பில் நிறுத்தச் சொல்வேன், இன்னும் இரண்டு கூடினாலும் தவறில்லை.

கணக்கு சுலபம். கொடித் தக்காளி ஒரு பூங்கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் இடையில் வழக்கமாக மூன்று இலை விடும். நல்ல வளர்ச்சியில் வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கொத்து. ஆக மேலே வாரம் மூன்று இலை புதிதாக வந்தால், கீழே மூன்று எடுக்கலாம். குளிரிலோ மேகமூட்டமான நாளிலோ இரண்டுதான் வந்தது என்றால் இரண்டு மட்டும். செடி விடுவதைவிட வேகமாக நீங்கள் எடுக்கக் கூடாது. இரண்டு வாரம் வேலையாள் வரவில்லை என்பதற்காக மூன்றாம் வாரம் ஒரே மூச்சில் எட்டு இலையைக் கழிப்பது செடியைத் திணறடிக்கும். இரண்டு மூன்று தவணையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு அளவுகோலும் உண்டு. ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே மொத்தம் மூன்று சதுர மீட்டர் இலைப்பரப்பு இருந்தால், வரும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கைச் செடி பிடித்துவிடும். நண்பகலில் வரிசைக்கு நடுவே குனிந்து தரையைப் பாருங்கள். தரை பளிச்சென்று வெளிச்சமாக இருந்தால் நீங்கள் இலையை அதிகமாக எடுத்துவிட்டீர்கள், அந்த ஒளி வீண். முழு இருட்டாக, ஈரம் காயாமல் இருந்தால் எடுப்பதில் பின்தங்கியிருக்கிறீர்கள்.

எந்த இலையிலிருந்து தொடங்குவது?

அடியிலிருந்து. பறிக்கும் நிலைக்கு வந்த கொத்துக்குக் கீழே உள்ள இலைகளை எடுக்கலாம். காய் இன்னும் பருத்துக்கொண்டிருக்கும் கொத்தைச் சுற்றிய இலையைத் தொட வேண்டாம். இதற்கு விதிவிலக்கு நோய் கண்ட இலை. அது எந்த உயரத்தில் இருந்தாலும் எடுக்க வேண்டியதுதான்.

நடவு முடிந்த முதல் வாரங்களில் மண்ணைத் தொடும் இலைகளை மட்டும் நீக்குங்கள். பாசனத் துளி மண்ணில் தெறித்து நோய் ஏறும் முதல் படி அவைதான். முதல் கொத்து பிடிக்கும் முன்பே தண்டை மொட்டையாக்குவதில் எந்தப் பயனும் இல்லை.

கையால் ஒடிப்பதா, கத்தியால் வெட்டுவதா?

தக்காளிக்குக் கை. காம்பு தண்டோடு சேரும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, இலையை முதலில் லேசாக மேலே தூக்கி, பிறகு கீழே அழுத்த வேண்டும். சரியான இடத்தில் அழுத்தினால் 'டக்' என்று ஒரே ஒடிசலில் கழன்று வரும். தண்டில் சிறு நீள்வட்டத் தழும்பு மட்டும் நிற்கும். முதலில் மேலே தூக்காமல் நேராகக் கீழே இழுத்தால் தண்டின் தோல் நாரோடு உரிந்து வரும். அந்த நீளமான காயம் ஆறுவதற்கு முன் பூசணம் உள்ளே போய்விடும்.

கத்தி பிடித்தால் ஒரு விதி: காம்புக் கட்டையை விடாதீர்கள். தண்டை ஒட்டி வெட்டுங்கள். விரற்கடை நீளக் கட்டை நின்றுவிட்டால் அது ஈரத்தில் நைந்து, சாம்பல் நிறப் பூசணம் அதில் குடியேறி, அங்கிருந்து தண்டுக்குள் இறங்கும். தண்டைச் சுற்றி அழுகல் பிடித்தால் அதற்கு மேலே இருக்கும் செடி முழுவதும் போய்விடும்.

இந்த வேலையை அரைமணி நேரம் செய்தால் விரல்கள் மஞ்சள்பச்சையாகி, பிறகு கறுத்துவிடும். தண்டிலும் இலையிலும் உள்ள நுண்மயிர்கள் சுரக்கும் பிசின்தான் அது. சோப்புப் போட்டுக் கழுவினால் நுரைகூடப் பச்சையாக வரும். அந்தப் பிசினோடுதான் நோயும் ஒரு செடியிலிருந்து மறு செடிக்குப் பயணப்படுகிறது.

எந்த நேரத்தில் எடுக்கலாம்?

காலையில், பனியீரம் உலர்ந்த பிறகு. தண்டும் காம்பும் நீர் நிறைந்து விறைப்பாக இருப்பதால் சுத்தமாக ஒடியும்; பகல் முழுவதும் காயம் உலர நேரம் கிடைக்கும். மாலையில் எடுத்தால் திறந்த காயத்தோடு செடி இரவின் ஈரத்துக்குள் போகிறது. அடைமழை நாட்களில் வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த, ஈரமான இடங்களில் சாம்பல் பூசணத்துக்கு ஏற்ற சூழல் அடிக்கடி அமைவதால் இந்த நேரக் கட்டுப்பாடு அங்கே இன்னும் முக்கியம்.

கையையும் கத்தியையும் எதில் சுத்தம் செய்வது?

இலை கழிப்பில் வரும் மிகப் பெரிய நட்டம் இங்கேதான் இருக்கிறது. புகையிலைத் தேமல் வைரஸ், தக்காளித் தேமல் வைரஸ் இரண்டும் சாறு பட்ட கையாலும் கத்தியாலும் உடுப்பாலும் பரவும். 2015-இல் ஜோர்டான் நாட்டுப் பசுமைக்குடில் தக்காளியில் கண்டறியப்பட்ட பழச் சுருக்க வைரஸும் இதே குடும்பம். சில ஆண்டுகளுக்குள் கண்டம் கண்டமாகப் பரவியது. இந்த வைரஸ்களுக்கு எதிராக சானிடைசர் என்று நாம் தெளித்துக்கொள்ளும் ஆல்கஹாலை நம்ப முடியாது. கொழுப்பு நீக்கிய பால்பொடியை 20 சதவீதக் கரைசலாகக் கரைத்து, ஒரு செடி முடித்து அடுத்த செடிக்குப் போகும்போது கையையும் கத்தியையும் அதில் நனைப்பது சோதித்து ஏற்கப்பட்ட முறை. பாலின் புரதம் வைரஸைச் செயலிழக்கச் செய்கிறது. கத்திக்கு டிரைசோடியம் பாஸ்பேட் 10 சதவீதக் கரைசலும் பயன்படும். கையுறை போட்டுக்கொண்டு கையாளுங்கள்.

பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாவற்றிலும் உயிருள்ள வைரஸ் இருக்க வாய்ப்புண்டு. வேலைக்கு வருபவரிடம் குடில் வாசலிலேயே சோப்பும் தண்ணீரும் வைத்து, கை கழுவிவிட்டு உள்ளே வரச் சொல்லுங்கள். இதில் முகத்தாட்சண்யம் பார்க்க வேண்டாம். தேமல் கண்ட செடிகளை எப்போதும் கடைசியில் தொடுங்கள்.

பக்கச் சிம்பு கிள்ளுவதும் இலை எடுப்பதும் ஒன்றா?

இல்லை. இலைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள கக்கத்திலிருந்து கிளம்பும் புதுக்கிளைதான் சிம்பு. அது நிஜமாகவே சர்க்கரை வாங்கி வளர்கிறது; விட்டால் இன்னொரு செடியாகும். விரல் நீளம் வளர்வதற்குள் கிள்ளிவிட வேண்டும். நேரம் குறைவாக இருக்கிறது, இரண்டில் ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் சிம்பைக் கிள்ளுங்கள், இலை இரண்டு நாள் காத்திருக்கும். நுனிக்கு அருகே கிள்ளும்போது மட்டும் நிதானம் வேண்டும்: பூங்கொத்து இலைக் கக்கத்தில் வராது, இரண்டு இலைகளுக்கு இடைப்பட்ட தண்டிலிருந்து நேராக வரும்.

வயலில் பி.கே.எம். 1 தக்காளி போட்டிருக்கிறேன். அதிலும் இதைச் செய்யலாமா?

வேண்டாம். பெரியகுளத்தில் அண்ணஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து உருவாக்கப்பட்ட பி.கே.எம். 1 குட்டையாக, ஓரளவு வளர்ந்து நின்றுவிடும் வகை. அதன் கிளைகளிலேயே காய் வைக்கிறது, அதன் இலைக்கூட்டமே காயை வெயிலிலிருந்து மறைக்கிறது. மண்ணைத் தொடும் இலை, நோய் கண்ட இலை தவிர எதையும் தொடாதீர்கள். இந்தப் பக்கத்தில் தக்காளிக்குச் சொல்லியிருப்பது எல்லாம் நூல் கட்டி மேலே ஏற்றும் கொடி வகைக்கு.

வெள்ளரிக்கு?

குடிலில் போடும் வெள்ளரி பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும், எல்லாம் பெண்பூ விடும் ரகம். ஒவ்வொரு கணுவிலும் காய் வைக்கத் துடிக்கும். தண்டின் அடியில் முதல் 50, 60 சென்டிமீட்டர் உயரம் வரை பிஞ்சையும் சிம்பையும் கிள்ளிவிட்டு, இலையை மட்டும் விடுங்கள். வேரும் தண்டும் பலப்பட அந்த இலைகள் வேண்டும். இளம் பிஞ்சைக் கிள்ள மனம் வராது என்பது தெரியும், ஆனால் அடியில் விட்ட நான்கு பிஞ்சுகள் மேலே வரும் பிஞ்சுகளைக் கருக வைத்துவிடும்.

கொடி மேல்கம்பியைத் தொட்டதும் நுனியைக் கிள்ளி, மேலே உள்ள இரண்டு சிம்புகளை மட்டும் கம்பிக்கு மேலாகப் போட்டுக் கீழே தொங்கவிடுவது குடை முறை. இறங்கிவரும் சிம்பு புதிய இலையோடு வருவதால், அந்த வேளையில் தண்டின் அடியிலைகளைப் படிப்படியாக எடுக்கலாம். வெள்ளரி இலை பெரியது, சீக்கிரம் கிழடாகும், சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் கிழட்டு இலையில்தான் முதலில் தலைகாட்டும். காம்பு தக்காளிபோலச் சுத்தமாக ஒடியாது; கூரான கத்தியால் தண்டை ஒட்டி வெட்டுங்கள். கட்டை நின்றால் பிசின் வடியும் தண்டழுகல் வரும்.

குடைமிளகாய்க்கு?

குடைமிளகாயில் இலை கழிப்பு என்று தனியாக ஒன்று இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தண்டோ நான்கு தண்டோ தேர்ந்தெடுத்து நூல் கட்டிய பிறகு, ஒவ்வொரு கணுவிலும் பிரியும் இரண்டில் வலுவானதை விட்டு, மெலிந்ததை ஓர் இலையோடு நிறுத்திக் கிள்ள வேண்டும். எட்டுப் பத்து நாளுக்கு ஒருமுறை இது நடக்க வேண்டும். முதல் கவட்டையில் வரும் பூவை எடுத்துவிடுங்கள். அந்த ஒற்றை இலை முக்கியம்: காய்க்குப் பக்கத்தில் நின்று வெயிலை மறைப்பது அதுதான். அதையும் எடுத்துவிட்டால் காயில் வெள்ளைத் தோல்போலப் பொசுங்கல் விழும். சந்தையில் அந்தக் காய் கழிவுக் கூடைக்குத்தான் போகும்.

ஐரோப்பிய வீடியோக்களில் காய்க்கொத்து முழுவதும் இலையே இல்லாமல் வரிசையாகத் தொங்குகிறது. நாமும் அப்படிச் செய்யலாமா?

நெதர்லாந்தின் கண்ணாடிக் குடிலும் வெயிலும் வேறு. அங்கே ஒளிதான் பற்றாக்குறை. மூன்று நான்கு மீட்டர் உயரக் கம்பியிலிருந்து கொடியை வாரவாரம் இறக்கி, மொட்டைத் தண்டைக் கீழே படுக்க வைத்துக்கொண்டே போகிறார்கள். தலைப்பகுதியில் இலை அடர்த்தியாகவே இருக்கிறது. வீடியோவில் நம் கண்ணில் படுவது கீழ்ப்பாதி மட்டும்.

நம் ஊரில் ஏப்ரல், மே வெயில் நேராகக் காயில் பட்டால், காயின் சூடு குடிலின் காற்றைவிடவும் மேலே போகும். தக்காளியைச் சிவப்பாக்கும் லைக்கோபீன் 30, 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் சரியாக உருவாவதில்லை. மஞ்சள் நிறமி மட்டும் வந்து, காம்பைச் சுற்றிய காயின் தோள்பகுதி மஞ்சளாக, கெட்டியாக நின்றுவிடும். அதோடு இலை நீரை ஆவியாக்கித்தான் குடிலைக் குளிர்விக்கிறது. கோடையில் மேற்குப் பக்க வரிசைகளில் காய்க்கொத்துக்கு மேலுள்ள இலையைக் கட்டாயம் விடுங்கள். நிழல்வலை இழுக்கும் வசதி இருந்தாலும் இதையே சொல்வேன்.

அடியிலை மஞ்சளாகிறது. எடுத்துவிடட்டுமா?

எடுக்கும் முன் ஒரு நிமிடம் அதைக் கையில் வைத்துப் பாருங்கள். நரம்பு பச்சையாக இருக்க, நரம்புக்கு இடைப்பட்ட இடம் மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம் குறைகிறது. இலை முழுவதும் சீராக வெளிறினால் தழைச்சத்து (நைட்ரஜன்). ஓரம் மட்டும் காய்ந்து கருகினால் சாம்பல்சத்து (பொட்டாசியம்). இந்த மூன்றும் செடிக்குள் நகரக் கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்கு அனுப்புகிறது. அதனால்தான் அடையாளம் அடியில் தெரிகிறது. மஞ்சள் இலையைப் பார்த்த மாத்திரத்தில் பறித்துவிட்டுக் குடில் பச்சையாக இருக்கிறது என்று நிம்மதி அடைந்தால், அடுத்த வாரம் ஒரு படி மேலே அதே மஞ்சள் வரும். உரக்கரைசலைச் சரிசெய்துவிட்டு, பிறகு எடுங்கள். மெக்னீசியம் குறைவதாகத் தெரிந்தால், சாம்பல்சத்து அதிகமாகப் போய் அதைத் தடுக்கிறதா என்றும் பாருங்கள்.

தக்காளியில் நுனி அழுகல் வருகிறது. இலை எடுத்தால் நிற்குமா?

ஓரளவு தொடர்பு உண்டு. காயின் நுனி அழுகுவது அங்கே கால்சியம் போய்ச் சேராததால். கால்சியம் நீரோட்டத்தோடுதான் நகரும், நீரை அதிகம் இழுப்பது இலை. வறண்ட காற்றடிக்கும் நாளில் இலைகள் கால்சியத்தைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆனால் முதல் மருந்து ஒழுங்கான பாசனம். மண்ணோ, தென்னை நார்க்கழிவான கோகோபீட்டோ ஒருநாள் காய்ந்து மறுநாள் ஊறுவது நிற்க வேண்டும். உப்புச் செறிவு கூடிப்போகாமல் பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் இலையை மட்டும் எடுத்தால் அழுகலும் நிற்காது, காயும் பொசுங்கும்.

இலை எடுத்த பிறகு தண்ணீரைக் குறைக்க வேண்டுமா?

ஆம், சற்றே. இலை குறைந்தால் செடி இழுக்கும் நீரும் குறைகிறது. பழைய அளவே விட்டால் வேர் ஊறிக் கிடக்கும், இரவில் வேரின் அழுத்தம் கூடி முற்றிய காய் வெடிக்கும். கோகோபீட் பையில் வளர்ப்பவர்கள் வடிநீரின் அளவைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

வீட்டுக்குள் எல்இடி விளக்கில் வளர்க்கிறேன். எனக்கு எது பொருந்தும்?

விளக்கொளி மேலிருந்து மட்டும் வருகிறது, தூரம் கூடக்கூட வேகமாகக் குறைகிறது. அதனால் வெளியில் பயன்தரும் நடு இலைகூட உள்ளே சீக்கிரம் இருட்டில் மாட்டும். கத்தியை எடுக்கும் முன் விளக்கை இறக்கிப் பாருங்கள், செடிகளுக்கு இடைவெளி கொடுங்கள், பின்சுவரை வெள்ளையாக்குங்கள், சிறு மின்விசிறி ஒன்று இலைகளை லேசாக அசைக்கட்டும். பெரிய குடில்களில் வரிசைக்கு நடுவே விளக்கைத் தொங்கவிட்டு அடியிலையையும் வேலை வாங்குகிறார்கள்; வீட்டில் பக்கவாட்டில் ஒரு குழல்விளக்கு வைத்தாலே மாற்றம் தெரியும். அதற்குப் பிறகும் மஞ்சளாகும் இலையை மட்டும் எடுங்கள்.

கீரை, லெட்டூஸ் வளர்த்தால் இலைதான் அறுவடை. வெளிவட்ட இலையைப் பறித்து நடுக்குருத்தை விடுங்கள். திருநீற்றுப்பச்சைக்கு நுனி கிள்ளுவதுதான் வளர்ச்சி. கணுவுக்கு மேலே கிள்ளினால் அங்கிருந்து இரண்டு கிளை வரும். பூங்கதிர் எட்டிப் பார்த்தாலே கிள்ளிவிடுங்கள், பூத்தால் இலை சிறுத்துவிடும்.

வெள்ளை ஈ அதிகம். அடியிலையை எடுத்தால் குறையுமா?

கண்டிப்பாகக் குறையும். தாய் ஈ இளம் இலையில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் நகராமல் ஒட்டிக்கொண்டு வளர்வதற்குள் அந்த இலை அடியிலையாகிவிடுகிறது. அதனால் முற்றிய குஞ்சும் கூட்டுப்புழுவும் அடியிலையின் முதுகில்தான் இருக்கும். எடுத்த இலையைப் பாதையில் போட்டுவிட்டுப் போனால் ஈ வெளிவந்து மறுபடி செடியேறும். உடனே பையில் கட்டி வெளியேற்றுங்கள். ஊசிப்புழு துளைத்த இலைக்கும் இதுதான்.

என்கார்சியா போன்ற ஒட்டுண்ணிக் குளவி விட்டிருப்பவர்கள் மட்டும் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். குளவி முட்டையிட்ட வெள்ளை ஈக் குஞ்சு, ஈயின் வகையைப் பொறுத்துக் கறுப்பாகவோ பழுப்பாகவோ நிறம் மாறியிருக்கும். அப்படிப்பட்ட இலையைச் சில நாள் குடிலுக்குள்ளேயே விட்டு வையுங்கள். வெளியே எறிந்தால் காசு கொடுத்து வாங்கிய குளவியையும் சேர்த்து எறிகிறீர்கள்.

கழித்த இலையை மாட்டுக்குப் போடலாமா?

தக்காளி இலையைப் போட வேண்டாம், அதில் கால்நடைக்கு ஒவ்வாத நச்சுப்பொருள் உண்டு. நோயில்லாத இலையை நன்றாகச் சூடேறும் மக்குக்குழியில் போடலாம். தேமல் வைரஸ் கண்ட இலையை மக்கவைத்து நம்பக் கூடாது. எரிப்பதோ குடிலைவிட்டுத் தள்ளி ஆழப் புதைப்பதோதான் பாதுகாப்பு.

பயிரை எப்போது முடிப்பது, அப்போது இலையை என்ன செய்வது?

கடைசிப் பறிப்புக்கு 6 முதல் 8 வாரம் இருக்கும்போது தக்காளியின் நுனியைக் கிள்ளிவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் பூ பழமாக நேரமில்லை. கடைசிக் கொத்துக்கு மேலே இரண்டு இலையை விட்டுக் கிள்ள வேண்டும். அந்த இரண்டும் கொத்துக்கு நிழலும் தரும், தீனியும் தரும். நுனி போனபின் புதிய இலை வராது. ஆகவே வாராந்தரக் கழிப்பையும் அன்றோடு நிறுத்திவிட்டு, பறித்து முடித்த கொத்துக்குக் கீழே உள்ளதை மட்டும் எடுத்தால் போதும். சிம்புகள் மட்டும் முன்பைவிட வேகமாகக் கிளம்பும். அவற்றைக் கடைசிப் பறிப்பு வரை கிள்ளிக்கொண்டே இருங்கள்.